ஒன்பதாம் பாகம் பாதியில் இருந்தது

கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ இருந்தது. வெற்றிலைச் சாறு என்று முடிவு செய்தேன். எனக்கு வெற்றிலை போடும் பழக்கமே இல்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. துப்பறியும் கதைகளை வரி விடாமல் படிக்கிறவனின் லட்சணம் இது.

என் மனைவி கமலாதான் எக்ஸ்ரேவுக்கு இழுத்துப் போனாள். இடது நுரையீரலில் புகை படிந்த மாதிரி ஒரு நிழல். சளிப் பரிசோதனையும் (சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிக் கிருமியைத் தேடுவது) அதையே சொன்னது. காசநோய். ஐம்பதுகளில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது 'நெஞ்சுச் சளி'.

"உங்க கூட ரொம்ப நேரம் நெருங்கி உட்காரறவங்க யாருக்காவது இருமல் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்றேன். காதர் இருமுவான். ஆனால் அது ஜவுளித் தூசி. அவனே சொல்லியிருந்தான்.

காதருக்குச் சிராங்கூன் சாலையில் துணிக்கடை. மதராஸிலிருந்து கப்பலில் வரும் ஒரு துப்பறியும் தொடர்தான் எங்கள் சிநேகிதம். பாகத்துக்கு ஒரு பிரதி வாங்குவோம். கடை சாத்தியதும் துணிக்கட்டின் மேல் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஆளுக்கோர் அத்தியாயம் உரக்கப் படிப்போம். தனியாக முந்திப் படிக்கக் கூடாது, அதுதான் சட்டம். அதை இருவரும் மீறியதில்லை. கொலைகாரன் யாரென்று பாதிப் புத்தகத்திலேயே பந்தயம் கட்டுவோம்.

எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் ஊசி மருந்து) ஆரம்பித்தார்கள். ஒரு காலை ஊசிக்கு வரிசையில் நிற்கிறேன். உள்ளேயிருந்து சட்டையைச் சரிசெய்தபடி காதர் வந்தான்.

"பாய், இன்னும் ரெண்டே ஊசிதான் லா, அப்புறம் மாத்திரைதான்," என்று அவனை வழியனுப்பினார் ஊசி போடுகிறவர்.

என் ஊசி அன்றுதான் மூன்றாவது.

"எப்போலேர்ந்துடா?" என்றேன்.

"மணி, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? எனக்குக் காரியம் பண்ணும்போதா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொன்னா நீ வரமாட்டே. ஒன்பதாம் பாகம் பாதியில இருந்துச்சு."

சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சண்டை போட நினைத்து அவன் வீட்டுக்குப் போன கமலா, சண்டை போடாமலே திரும்பி வந்தாள். "அவருக்குத் தனித்தட்டு, தனிப்பாயாம். பிள்ளைங்களைக் கிட்டவே விடறதில்லையாம்," என்றாள்.

நோயைவிட இதுதான் என்னைப் படுக்கப் போட்டது. பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பத் தெரிந்தவன், "இன்னும் கிட்ட வா, எழுத்து தெரியல" என்று என்னை இழுத்து உட்கார வைத்திருக்கிறான்.

"அவர்கிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். டாக்டருக்குச் சாட்சி வேண்டும். எனக்குத் தேவைப்படவில்லை.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: சொல்லிவிடுங்கள். வராமல் போகிறவர்கள் போகட்டும். வருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருவருக்கும் குணமாயிற்று. நானும் கமலாவும் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்குக் குடிமாறிச் சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர் வாசலில் நின்றான். கையில் தொடரின் கடைசிப் பாகம்.

"நான் இன்னும் படிக்கல, மணி."

சட்டத்தைக் காப்பாற்றியிருந்தான். அதில் மட்டும் அவன் யோக்கியன். உள்ளே விட்டேன். ஜன்னலோரம் அவனுக்கு ஒரு நாற்காலி, அறையின் மறுகோடியில் எனக்கு ஒன்று. ஓர் அத்தியாயத்தை உரக்கப் படிக்க எனக்கு இப்போது மூச்சுப் போதாது. அவனே முழுக்கப் படித்தான். மத்தியானம் சாயங்காலமானது.

"கொலைகாரன் இவன்னு நினைச்சியா?" என்று புத்தகத்தை மூடிக் கேட்டான்.

நினைக்கவில்லை என்றேன். உண்மைதான். கதையில் ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை. அவன் எந்தெந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.