கிளாரா தின்ற ஒரு கைப் பொங்கல்

காலையில் வேலைக்குப் போனதும் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுகிறேன். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நெதர்லாந்தில் ஒரு மாட்டுத் தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு வேலை. இங்கே சில மாடுகளின் இடது விலாவில் வட்டமாக ஒரு துளை போட்டு, புண் ஆறிய பிறகு ரப்பர் மூடி பொருத்தியிருப்பார்கள். மூடியைத் திறந்து, நீளக் கையுறை மாட்டிய கையை உள்ளே விட்டு, பாதி செரித்த தீவனத்தில் ஒரு பிடி அள்ளிக் குடுவையில் போட வேண்டும். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது; அதுபாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும். உள்ளே நல்ல வெதுவெதுப்பு. வெளியே பனி கொட்டும் நாட்களில் கையை எடுக்கவே மனம் வராது. உடன் வேலை செய்கிறவர்கள் அந்த வாடை தாங்காமல் முகமூடிக்குள் புதினாத் தைலம் தடவிக்கொள்வார்கள். நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் புளித்த வாடை எனக்கு எங்கள் ஊர் வாடை.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. திரும்பின பக்கமெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, அதற்கு நடுவே ஜவ்வரிசி ஆலைகள். கிழங்கை அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சுகிற சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதைக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால் போதும், புளித்து நாறி ஊரையே தூக்கும். சேலத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் அந்த வாடையை வைத்தே இறங்கும் இடம் வந்துவிட்டதென்று தெரிந்துகொள்வேன். அம்மா அந்தத் திப்பியைத்தான் மாட்டுக்கு வாங்குவாள். கடலைப் புண்ணாக்கை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் கழுநீரும் திப்பியும் ஒரு கை உப்பும் சேர்த்து, முழங்கை வரை உள்ளே விட்டுக் கட்டியில்லாமல் கரைப்பாள். பிறகு மாட்டை அவிழ்த்து வந்து தண்ணி காட்டுவாள். மாடு கண்வரை முகத்தை முக்கி உறிஞ்சும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலை கட்டிப் போனாலும் அம்மாவின் கையில் புண்ணாக்கு மணக்கும். எனக்கு அந்த மணம் ரொம்பப் பிடிக்கும்.

நான் இந்தப் படிப்புக்கு வந்ததே ஒரு மாட்டுப் பொங்கலால்தான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கம் மாட்டுக்கு ஊட்டாமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். அந்த வருஷம் எங்கள் மாட்டுக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பொங்கல் வந்தது. போதாததற்கு, மிஞ்சிப்போன சர்க்கரைப் பொங்கலை ஒரு அன்னக்கூடை நிறைய அம்மா ஆசை ஆசையாக வைத்துவிட்டாள். மறுநாள் விடியும்போது மாடு படுத்துக் கிடந்தது. அசை போடவில்லை, முனகியது, வயிறு தளும்பியது. அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து வந்த டாக்டர் ஆப்ப சோடாவைக் கரைத்துப் புகட்டினார். "இதப்பாருங்கம்மா, சோத்தைக் கண்டா மாட்டு வயிறு ஒரேயடியா புளிச்சுப்போயிரும். பாசத்துல கொன்னுறாதீங்க" என்றார். அதிலிருந்து அம்மா மாட்டுப் பொங்கலுக்கு ஒரே ஒரு கைதான் ஊட்டுவாள். அந்த மாடு பிழைத்துவிட்டது. நானோ அதன் வயிற்றுக்குள் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கிளம்பியவள், இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

இங்கே என் ஆராய்ச்சி மாட்டின் ஏப்பத்தைப் பற்றியது. அசை போடும் மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது, அது பூமியைச் சூடாக்குகிறது. தீவனத்தோடு ஒரு பொடியைக் கலந்து கொடுத்தால் அது குறையுமா என்று பார்க்கிறோம். இதைப் போனில் விளக்கியபோது அம்மா கேட்டாள்: "ஏங்கண்ணு, மாடு ஏப்பம் உடறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" ஆமாம் என்றேன். "நல்ல ஊருதான் போ" என்றாள். ஆனால் வேலை விளையாட்டில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் தீவனத் தொட்டி. அதன் கழுத்துப் பட்டையைக் கண்டால் மட்டும் கதவு திறக்கும். எவ்வளவு தின்றது என்று கிராம் கணக்கில் இயந்திரம் சொல்லிவிடும். அதற்கு மேல் ஒரு துரும்பு அதன் வாய்க்குள் போகக் கூடாது. துளை போட்ட மாடுகளோ எங்களிடம் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இந்தச் சோதனை ஒழுங்காக முடிந்தால்தான் எனக்கு வேலை நீட்டிப்பு. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்பா காலமான பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் பொங்கலுக்கு இங்கே வரவழைத்தேன். மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். என் அடுக்குமாடி வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்ற மனம் வராமல் வாளியில் சேர்த்து வைத்திருந்தாள். "ஊத்துனா பாவம்னு இருக்குது சாமி" என்றாள். மாட்டுப் பொங்கலன்று மின் அடுப்பில் பொங்கல் வைத்தாள். அன்றைக்கும் எனக்கு வேலை. அவளையும் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். அவள் பையில் மூடி போட்ட தூக்குப் போசி இருந்ததைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று நினைத்துவிட்டேன்.

சேலைக்கு மேல் நீல அங்கியும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அம்மா தொழுவத்துக்குள் வந்தாள். "கொம்பே இல்ல, எங்கடி பெயிண்ட் அடிக்கிறது?" என்று சிரித்தாள். சோதனையில் இருந்த, துளை போட்ட கிளாரா என்ற கறுப்பு வெள்ளை மாட்டின் முன்னால் போய் நின்றாள். நெற்றியைத் தொட்டு, கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த, கேஸ் என்ற தொழுவக்காரர், அம்மாவின் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று பதறிப்போய், கண் கழுவுகிற தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அம்மா அதைத் தீர்த்தம் என்று நினைத்து இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே கையுறை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது தூக்குப் போசி திறந்திருந்தது. கிளாரா அம்மாவின் உள்ளங்கையை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. நெய் மணந்தது.

"என்னம்மா பண்ணுன?" என்று கத்திவிட்டேன். "ஒரு கைதான் சாமி. நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட எப்பிடி வந்து நிக்கறது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தவள், "தப்பாப் போச்சா?" என்றாள். இல்லை என்றேன். தப்புதான். ஒரு கைப் பொங்கலால் அவ்வளவு பெரிய மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் சமைத்த எதையும் மாட்டுக்குக் கொடுக்கக் கூடாதென்பது இங்கே சட்டம். சமையலறை வழியாகக் கோமாரி நோய் வந்துவிடும் என்ற பயம். நேரே மரைக்க என்ற பெண் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "ஏன் கொடுத்தார்?" என்றார். இன்று மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்றேன். "மாட்டுக்கு அது தெரியுமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தெரியாது என்றேன். "யாமர்" என்றார். அடடா என்று நாம் சொல்கிற மாதிரி இங்கே எதற்கும் சொல்கிற வார்த்தை. மற்றவர்களிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நடைபாதை நாற்காலியில் அம்மாவோடு காத்திருந்தேன். அவள் ஒன்றும் புரியாமல் ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதே நேரம், போனால் போகட்டுமே, இவளோடேயே விமானம் ஏறிவிடலாமே என்று மனசு துள்ளியது. ஊருக்கு அருகே பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏதாவது பால் பண்ணையில் வேலை தேடிக்கொள்ளலாம், ராத்திரி அம்மா கையால் சாப்பிடலாம் என்று கணக்கெல்லாம் போட்டுவிட்டேன். மேலதிகாரி கதவைத் திறந்தார். கிளாராவை மட்டும் சோதனையிலிருந்து நீக்குவதாகவும், மறைக்காமல் சொன்னதால் என் வேலைக்குப் பாதகமில்லை என்றும் சொன்னார். நீட்டிப்பும் உண்டு. நன்றி சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டினார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். பனி உருகி, புல் வளர்ந்துவிட்டது. கிளாரா இப்போது மற்ற மாடுகளோடு வெளியே மேய்கிறது. அது என்ன தின்கிறதென்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நேற்று மத்தியானம் வேலிப் பக்கம் நின்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், பால் கறக்கும் நேரம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ஆச்சு சாமி" என்றாள். என்ன சாப்பிட்டாள் என்று சொல்லவில்லை. "அவ எப்பிடி இருக்கறா?" என்றாள். போனைத் திருப்பிக் கிளாராவைக் காட்டினேன். அம்மாவும் தன் போனைத் திருப்பி எங்கள் மாட்டைக் காட்டினாள். கிளாரா வேலிக்கு வெளியே நாக்கை நீட்டி என் உள்ளங்கையை நக்கித் தேடியது. போனுக்குள் எங்கள் மாடு, என் குரல் வருகிற பக்கம் காதைத் திருப்பி வாயை அசைத்தது. இரண்டும் என்னிடம்தான் தின்னக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் கொடுக்கச் சட்டம் விடவில்லை, இன்னொன்றுக்குக் கை எட்டவில்லை.