லொறி வரவழைத்த ஆங்கிலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையோடு ஆங்கிலத்தில் பேசக்கூடியவர்கள் மூன்று பேர்தான்: பெரிய கிளாக்கர், டீமேக்கர், டாக்டர் ஐயா. மற்ற எல்லாரும் தமிழில் பேச வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டமில்லை, ஆனாலும் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். துரைக்கும் தமிழ் வரும். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் விரட்டிப் பழகிய தமிழ்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் கழித்து, ஹட்டனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு மருத்துவிச்சியாகப் போனேன். வரிசை வீடுகளான லயங்களில் இருந்த தொழிலாளர் சனம் என்னை மிஸ்ஸி என்றது. டாக்டர் ஐயா என்பவர் உண்மையில் மருந்து கலந்து கொடுப்பவர்தான். டிஸ்பென்சரிக்குப் பின்னால் அவருடைய வீடும், அதை ஒட்டி என்னுடைய ஒற்றை அறையும் இருந்தன.

டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு டெலிபோன். கைப்பிடியைச் சுற்றினால் துரை பங்களாவில் மணி அடிக்கும். பிரசவம் சிக்கலானால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கொழுந்து லொறியை விட்டால் வேறு வழி கிடையாது. துரை சொல்லாமல் டிரைவர் சாவியைத் தொடமாட்டார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷமே ஒன்று நடந்தது. மேல் லயத்துப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே கிடந்தது. டாக்டர் ஐயா ஊரில் இல்லை. லொறி வரும் என்று அவள் புருஷனிடம் சொல்லிவிட்டு டெலிபோனைச் சுற்றினேன்.

"தொரைங்களா, லொறி வேணுங்க, அவசரமுங்க."

"டாக்டர் எங்கே? டாக்டர் வந்து பேசட்டும்" என்று வைத்துவிட்டார். கம்பளியில் தூளி கட்டி, ஆண்கள் தோள் மாற்றித் தூக்கிப்போனார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமே அவள் முடிந்துபோனாள்.

"லொறி வரும்னு சொன்னீங்களே மிஸ்ஸி" என்றான் அவள் புருஷன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அடுத்த தடவை அந்த லொறி வந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். துரையின் காது எந்தப் பாஷைக்குத் திறக்குமோ அந்தப் பாஷையில் கேட்டுத் தொலைக்கிறேன்.

எனக்கு ஆங்கிலமே தெரியாது என்றில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தேன், பயிற்சியிலும் படித்தேன். மருந்துப் போத்தலை வாசிப்பேன், ரிப்போர்ட் எழுதுவேன். வாயைத் திறந்தால்தான் கதை கந்தலாகிவிடும். முதல் சொல் வரும், இரண்டாவது சொல் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

டாக்டர் ஐயா வீட்டில் ரேடியோ இருந்தது. சாயங்காலம் ஆங்கிலச் செய்தி வரும்போது அவர் மனைவியிடம் கேட்டு அதன் பக்கத்தில் போய் உட்காருவேன். பாட்டுக் கேட்கவிடாமல் செய்கிறேனே என்று அந்த அம்மாவுக்கு எரிச்சல்.

"என்னா மிஸ்ஸி, லண்டனுக்குப் போறீங்களா?"

"ஆமாங்க அக்கா, வாறீங்களா?"

முதலில் சும்மா கேட்டேன். பிறகு செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் பின்னாலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த மனிதர் எதற்கும் அவசரப்படுவதில்லை. வெள்ளம் வந்தாலும் ஒரே நிதானம். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே அழுத்துகிறார் என்று கவனித்தேன். அமைச்சர் நாளை கொழும்பு வந்து சேர்வார் என்பார். நான் அறைக்குத் திரும்பி, அமைச்சரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் லொறியை ஏற்றுவேன். லொறி உடனடியாக மேல் லயத்துக்கு வந்து சேர வேண்டும். நோயாளியின் நிலைமை கவலைக்கிடமாக உள்ளது.

லயத்துக்குப் போகும் வழியிலும் அதே வேலைதான். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு என் வாய் அசைவது தெரியும். "மிஸ்ஸிக்கு முனி அடிச்சிருச்சு டீ" என்று ஒருத்தி கத்த, நிரை முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

சிவனொளிபாத மலை ஏறும் சீசனில் டாக்டர் ஐயா குடும்பத்தோடு நல்லதண்ணிக்குப் போயிருந்த சமயம், கீழ் லயத்தில் ஒரு தலைப்பிரசவம். பகல் முழுக்க வலி. பிள்ளையின் கை முதலில் வந்துவிட்டது. ஓடிப்போய் டெலிபோனைச் சுற்றினேன்.

நான் பேசிய ஆங்கிலம் ரேடியோ ஆங்கிலம். மாலை வணக்கத்தில் தொடங்கி நிதானமாக இறங்கினேன். பக்கத்துத் தோட்டத்துத் துரைசானி என்று நினைத்தாரோ என்னவோ, மறுமுனையில் குரல் தேனாக ஒழுகியது. பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று மிக மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார். ரேடியோவை யாரும் கேள்வி கேட்பதில்லையே! நடுவில் நிறுத்திப் பதில் சொல்ல நான் பழகவே இல்லை. அவர் பேச்சின்மேலேயே என் செய்தியை முழுக்க வாசித்து முடித்தேன். கடைசியில்தான் தோட்டத்து மருத்துவிச்சி என்றேன்.

மறுமுனையில் ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது.

"நீயா? டாக்டர் எங்கே?"

டாக்டர் இல்லை, லொறி வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தமிழ்ல பேசு."

தாமதித்தால் இரண்டு உயிர் போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழுக்கு இறங்கினால் லொறி வராது என்று எனக்குத் தெரியும். அவர் தமிழை விடவில்லை, நான் ஆங்கிலத்தை விடவில்லை. படாரென்று வைத்துவிட்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடிக் கம்பளியை விரிக்கச் சொல்லும்போது வளைவில் லொறி ஹோர்ன் கேட்டது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் கண்டாக்கு ஐயா வந்தார். மலையில் கொழுந்து எடுக்கும் ஆட்களை மேற்பார்க்கிற அவருக்கே தூது வந்த வேலை பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

"தொரைக்குச் சரியான கோவம் மிஸ்ஸி. இனிமே டெலிபோன்ல தமிழ்லதான் பேசணுமாம். லொறி அனுப்புறது அவரு பொறுப்பாம்."

"அப்படியே ஆகட்டுங்க" என்றேன். லொறி வந்தால் போதும், எனக்கென்ன வீம்பு?

அடுத்த தடவை தமிழில்தான் கேட்டேன். "பார்ப்போம்" என்றார். காத்திருந்தேன். லொறியைக் காணோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பவும் சுற்றி, மாலை வணக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடியுமுன்பே வைத்துவிட்டார். லொறி வந்தது.

அவர் சீமைக்குக் கப்பல் ஏறும்வரை அப்படியேதான் போயிற்று. நான் ஆங்கிலத்தில் தொடங்குவேன், அவர் வாய் திறக்காமல் வைத்துவிடுவார், லொறி வரும். தெருவில் எதிர்ப்பட்டால் என்னைத் தெரியாதவர்போல் போவார்.

செய்தியை நான் விடாமல் கேட்டு வந்தேன். என் ஆங்கிலம் நன்றாகத் தேறியிருந்தது, கேள்விக்கு நிறுத்திப் பதில் சொல்லவும் தனியாகப் பேசிப் பழகிவைத்திருந்தேன். ரேடியோ பேசியது, நான் சொன்னது அதற்குக் கேட்காது. துரைக்குக் கேட்டது, அவர் பதில் சொல்லமாட்டார். பேசுவது யார் என்று துரை கேட்ட அந்த ஒன்றைத் தவிர, அந்தத் தோட்டத்தில் இருந்தவரை ஆங்கிலத்தில் என்னிடம் யாரும் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.