அத்தான் வைத்திருந்த ஜூலியானஸ் காசு

அக்காவின் தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கு அடியில், ஒரு வெள்ளி நிறக் காசு கிடக்கிறது. ஒரு பக்கம் சுருட்டைத் தாடிக்காரர் ஒருவரின் முகம். மறுபக்கம் இரு கைகளிலும் படைக்கொடி பிடித்து நிற்கும் ஒரு பெண். ஜூலியானஸ் என்ற ரோமானியச் சக்கரவர்த்தியின் காசு. குறுக்குத்துறையில் ஆற்றுமணலை அரித்துக் காசு பொறுக்குகிறவர்களிடமெல்லாம் இப்படியொரு முகம் கிடைத்ததா என்று கேட்டுச் சலித்துவிட்டு, ஒரு நாணயக் கண்காட்சியில் அத்தான் வாங்கி வந்த நகல் இது. அசல் வாங்க வாத்தியார் சம்பளம் எங்கே போதும்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், பாளையங்கோட்டையில் ஒரு பழைய மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். நீண்ட காலம் ஆண்டவர்களில் அவருக்கு அக்கறை கிடையாது. சில வாரங்களோ மாதங்களோ அரியணையில் இருந்துவிட்டு வெட்டுப்பட்டுச் செத்தவர்கள்மேல்தான் பிரியம். ஜூலியானஸ் அவர்களில் ஒருவர். முந்தைய சக்கரவர்த்தியைக் கொன்ற காவல்படை வீரர்கள் பட்டத்தை ஏலம் விட, கூடுதலாகக் கேட்டு எடுத்தவர். உட்கார்ந்த கையோடு காசு அடித்தார். அதில் ‘படைவீரர்களின் ஒற்றுமை’ என்று பொறித்தார். சில வாரங்களில் அவர் கொல்லப்பட்டபோது அந்த வீரர்களில் ஒருவரும் குறுக்கே வரவில்லை. இதையெல்லாம் அத்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்பார். “குழம்பு ஆறுது. அவனைப் பைய கொல்லலாம், முதல்ல சாப்பிடுங்க” என்பாள் அக்கா.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறைச் சுவரில், இதுவரை அங்கே இருந்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முதலில் வெள்ளைக்காரர்கள், பிறகு நம்மவர்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில் அத்தனை பேரும் கோட்டுப் போட்டிருப்பார்கள். பணிமூப்புப்படி அடுத்த படம் அத்தானுடையது. அப்போதிருந்தவர் மே மாதம் ஓய்வு பெறுவதாக இருந்தது. ஏப்ரலில் அத்தானுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. உடனே ஆபரேஷன் செய்தால் எடுத்துவிடலாம் என்றார் மதுரை டாக்டர். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும், நிர்வாகம் நோயாளியைத் தாண்டி அடுத்தவரைப் போட்டுவிடும் என்பது அவருடைய பயம்.

அக்கா என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். நான் நேரே போய்ச் சண்டை போட்டேன். “ஜூன்ல சார்ஜ் எடுத்துட்டு மறுநாளே போயிருதேன். அதுக்குள்ள என்னட்டி வந்திரப் போவுது?” என்றார்.

ஜூனில் பொறுப்பேற்றார். பாஸ்டர் ஜெபம் செய்தார், ஆசிரியர்கள் சால்வை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை நடுங்கியது, நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே அத்தான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார். “ரிட்டயர் ஆகும்போது படம் எடுக்கதுதான வழக்கம்? சீட்டு கொஞ்சம் சூடாகட்டும், அத்தான்” என்று கிண்டல் செய்தேன்.

“பட்டம் ஏறுதவன் முதல்ல காசு அடிச்சிரணும்” என்றார். சிரிக்கவில்லை.

இரவல் கோட்டு அவர் தோளில் தொளதொளவென்று தொங்கியது. ஸ்டூடியோக்காரர் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் கிளிப் போட்டார். மறுநாளே மதுரைக்குப் போகிறேன் என்று சொன்னதை அவரே நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போகவும் இல்லை. அட்மிஷன் முடியட்டும், புத்தகம் கொடுத்து முடியட்டும், ஆய்வு வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆகஸ்டில் கொண்டுபோனபோது டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே தைத்து அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸ் வருமுன் அடக்கம் ஆயிற்று. இரங்கல் கூட்டத்தில், பள்ளிக்காகவே வாழ்ந்தவர் என்று பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்காக இல்லை, அந்தச் சுவரில் இருந்த ஓர் ஆணிக்காகச் செத்தார். போனவரைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாதுதான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கோபம் இன்னும் தீரவில்லை.

போன வாரம் பொத்தான் தைக்க அக்காவின் பெட்டியைத் திறந்தபோது காசு கையில் தட்டுப்பட்டது. ஜூலியானஸ் தன் மனைவி பேரிலும் காசு அடித்தார் என்று அத்தான் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் மனமில்லாமல், நடுங்கிக்கொண்டேதான் அரண்மனைக்குள் நுழைந்தாளாம். கடைசியில் கணவன் உடலை வாங்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்தவளும் அவள்தானாம். அக்காவிடம் சொன்னேன்.

அக்கா காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அவ பேருல காசு அடிச்சானே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” என்றாள்.

அத்தான் அதைச் சொன்னதில்லை என்றேன்.

“கேட்டிருந்தா, காசு வேண்டாம், வீட்டுக்கு வந்துருங்கன்னுதான் சொல்லியிருப்பா.”

காசைப் பெட்டியில் போட்டு, நூல்கண்டுகளை அதன்மேல் அடுக்கி மூடினாள்.