அரை ஏக்கருக்கு வளைந்த தொழிற்சாலை

பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்து முடித்ததும் ஈப்போவில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரிகளுக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் வேண்டிய ரப்பர் பாகங்களைச் செய்கிற இடம். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும், எந்தக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தேன். அத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் கோபப்பட வைத்தவரும் அதிகம் பிரமிக்க வைத்தவரும் ஒரே ஆள்தான், எங்கள் முதலாளி.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். அப்பா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். நான் சேர்ந்தபோது முதலாளிக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று தொழிற்சாலைகள் இருந்தன. பணத்தை மறைத்து எளிமை காட்டுகிற ஆள் இல்லை. பெரிய கார் வைத்திருந்தார், காலில் விலை உயர்ந்த சப்பாத்து போட்டார், அதைப் பற்றி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நேர்காணலில் சம்பளத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“இது உனக்குச் சரியாம்மா? சரியில்லைன்னா இப்பவே சொல்லு. தலையாட்டிட்டு வெளிய போய்த் திட்டக்கூடாது லா.”

நான் சரியில்லை என்றேன். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவருடைய கொள்கை ஒரு வரியில் அடங்கிவிடும். யாரும் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தக் கூடாது, அரசாங்கமும் சேர்த்துத்தான். இந்த ஒரு வரியைப் பற்றி ஆங்கிலப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். ஓரங்களில் எல்லாம் பென்சில் கோடு. ஒரு தடவை, வெளிநாட்டு ரப்பர் சாமான்களுக்கு வரி போடச் சொல்லி மற்ற முதலாளிகள் சேர்ந்து அரசுக்கு மனு எழுதினார்கள். அந்த வரி வந்தால் அதிக லாபம் எங்களுக்குத்தான். கையெழுத்து வாங்க வந்தவரிடம் முதலாளி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் சாமான் நல்லா இருந்தா வாங்கட்டும். இல்லன்னா அடுத்தவன்கிட்ட வாங்கட்டும். வாங்குறவன் கையை நான் ஏன் லா கட்டணும்?”

இதே கொள்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓர் ஆண்டு ஆர்டர் குறைந்தபோது பொட்டலம் கட்டும் பகுதியை மூடிவிட்டார். வேலை போனவர்களில் என் சித்தி மகளும் ஒருத்தி. நான் நேராக அவருடைய அறைக்குப் போய் நின்றேன். “வேலை இல்லாத எடத்துல ஆளை உக்கார வெச்சா அது சம்பளம் இல்லம்மா, பிச்சை. உன் தங்கச்சி பிச்சைக்கா வந்தா?” என்று கேட்டார். ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் மூன்று மாதச் சம்பளம் போட்டுக் கொடுத்தார். அவளுக்குச் சீக்கிரமே கமுந்திங்கில் வேறு வேலை கிடைத்தது. ஆனாலும் அவள் என்னிடம் பல மாதம் பேசவில்லை. அவர் அன்று சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவும் இல்லை, இன்றுவரை.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தின் ஒரு பகுதியை விலைக்கு வாங்கினார். மரங்களை எப்போதோ வெட்டி எடுத்துவிட்டார்கள். புதர் மண்டிக் கிடந்தது. நான்காவது தொழிற்சாலைக்கு வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு முனையில் ரப்பர் உள்ளே வந்தால், கலந்து, அழுந்தி, வெந்து, மறு முனையில் லாரியில் ஏற வேண்டும். ஒரே நேர்கோடு. என் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சிறந்த வரைபடம் அது என்று நினைத்தேன்.

அந்த நேர்கோட்டின் நடுவில் ஒரு வீடு இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் யாரோ ஒருவர் அரை ஏக்கரைத் தனியாக வாங்கியிருக்கிறார். இப்போது அதில் அவருடைய மகன் இருந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனி ஆள். அவர் விற்றுவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் முடிவே செய்துவிட்டிருந்தோம்.

முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். வீட்டு முன்னால் இரண்டு ரம்புத்தான் மரங்கள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். லாரிக்காரர் நாற்காலி போட்டு, காப்பி கலந்து கொடுத்தார். முதலாளி விலையைச் சொன்னார்.

“விக்கல தம்பி,” என்றார் அவர்.

“ரெண்டு மடங்கு தர்றேன் ண்ணே.”

“நீங்க மூணு மடங்கு குடுத்தாலும் விக்கல. காப்பி ஆறுது, குடிங்க.”

முதலாளி குடித்தார். மழை, ரம்புத்தான் காய்ப்பு, ஈப்போ சாலையில் லாரி நெரிசல் என்று பேச்சு போனது. எழுந்தபோது, “சரி ண்ணே, வாரேன்,” என்று மட்டும் சொன்னார். காரில் ஏறியதும் நான் பொறுக்க முடியாமல், ஏன் விற்க மாட்டேன் என்கிறார் என்று கேட்டிருக்கலாமே என்றேன்.

“அது அவரு நெலம். காரணம் சொல்லணும்னு அவருக்கு என்ன கடமை?”

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு தரகர் வந்தார். எப்படியோ விஷயம் தெரிந்திருந்தது. நானும் தொழிற்சாலை மேலாளரும் அறையில் இருந்தோம். அரசாங்கத்தில் தனக்கு ஆள் இருப்பதாகவும், தொழில் வளர்ச்சி என்று எழுதிப் போட்டால் அந்த அரை ஏக்கரை அரசே எடுத்து எங்களிடம் கொடுக்க வழி இருப்பதாகவும் சொன்னார்.

“ஒரே ஒரு கடிதம் பாஸ். அந்தக் கெழவருக்கு நஷ்டஈடு கெடைச்சிடும், உங்களுக்கு நெலம் கெடைச்சிடும். யாருக்கும் சூசா இல்ல லா,” என்றார். சூசா என்றால் எங்கள் பக்கம் தொல்லை.

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை எழுந்தது. என் நேர்கோடு பிழைத்துவிடும்.

முதலாளி குரலை உயர்த்தவில்லை. “என் அத்தை கல்யாணம் ஈப்போவுல நடந்துச்சு. எங்கப்பாவோட சொந்தத் தங்கச்சி. அதுக்குப் போறதுக்கு லீவு கேட்டு, தோட்டத்துத் துரை பங்களா வாசல்ல எங்கப்பா ரெண்டு மணி நேரம் நின்னாரு. நான் பக்கத்துல நின்னேன். துரை நல்ல மனுசன், போயிட்டு வான்னாரு. நல்ல மனுசனா இருந்ததால போனோம். இல்லன்னா?”

தரகர் ஏதோ சொல்ல வந்தார், முதலாளி விடாமல் தொடர்ந்தார்.

“வீடு குடுத்தாங்க, தண்ணி குடுத்தாங்க, கோயில் கட்டிக் குடுத்தாங்க. எல்லாமே அவங்க குடுத்தது. எங்கப்பாவுக்கு வேலை போன மாசம் வீடும் போயிடுச்சு. அந்த லாரிக்காரர்கிட்ட இருக்கிறது யாரும் குடுத்ததில்ல. அவங்கப்பா வாங்கினது. அதைப் புடுங்குறதுக்கு நான் கடிதம் எழுதுனா, அந்த பங்களாவுக்குள்ள இப்ப நான் உக்காந்திருக்கேன்னு அர்த்தம். நீங்க போலாம்.”

அவரிடம் அதுவரை கொள்கை என்று நான் கேட்டதெல்லாம் புத்தகத்திலிருந்து வந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

தரகர் போனதும் என் பக்கம் திரும்பினார். “வளைச்சுப் போடும்மா.”

எட்டு வாரம் எடுத்தது. தொழிற்சாலை அந்த வீட்டைச் சுற்றி முழங்கை மாதிரி மடங்கியது. சரக்கு ஒரு திருப்பம் திரும்பிப் போக வேண்டும், தூக்குவண்டிகள் தினமும் கூடுதல் தூரம் ஓட வேண்டும். வரைபடத்தைப் பார்த்த பொறியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். முதலாளி கையெழுத்துப் போட்டார்.

கட்டி முடித்து இயந்திரங்களை ஓட்டிப் பார்த்த வாரமே லாரிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். சத்தம் தாங்க முடியவில்லை என்றார். மேலாளர் சத்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தார். சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருந்தது. எங்களில் சிலர் சிரித்தோம். இவ்வளவு செய்தும் போதவில்லையா இந்த மனிதருக்கு என்று நானும்தான் சிரித்தேன்.

முதலாளி ஈப்போவிலிருந்து வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போனவர் ஆறு மணிக்குத்தான் வெளியே வந்தார்.

“கிளாஸ்ல தண்ணி ஆடிக்கிட்டே இருக்கு,” என்றார் மேலாளரிடம். “அளவெல்லாம் சரிதான் லா. ஆனா நம்ம அவரு வீட்டுக்குள்ள போயிட்டோம். கேக்காம போயிட்டோம்.”

அந்த வீட்டை அதிரவைத்த காற்றழுத்தும் இயந்திரத்தை மறு மூலைக்கு மாற்றச் சொன்னார். உற்பத்தி தொடங்குவது மூன்று வாரம் தள்ளிப் போனது. வாடிக்கையாளர்களிடம் அவரே தொலைபேசியில் பேசித் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அன்று புதுக் குழாய்களை வரைந்துகொண்டிருக்கும்போது என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. சட்டம் தன் பக்கம் நிற்கிறது, பணம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. அப்படியும் ஒரு மனிதன் தன் கொள்கைக்குத் தானே அடங்கி நடக்கிறான். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லாரிக்காரர் நன்றி சொல்லவில்லை. புகார் சொல்ல வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் நானே அவரிடம் கேட்டுவிட்டேன், ஏன் விற்கவில்லை என்று. “நாப்பது வருசம் லாரியில தூங்குனவன்மா நான். இப்பத்தான் வீட்டுல தூங்குறேன்,” என்றார். இதைப் பெரிய செய்தி போல முதலாளியிடம் கொண்டு போனேன். அவர் புருவத்தைச் சுருக்கினார். “அதை நீ கேட்டிருக்கக் கூடாது,” என்றார்.

இப்போது நான் சொந்தமாக வரைபட அலுவலகம் நடத்துகிறேன். முதலாளிக்குப் போன ஆண்டு பக்கவாதம் வந்தது. பீடோர் போகும் வழியில் காரிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் அவரை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனது. பிழைக்க வைத்ததும் அங்கேதான். இடது கை மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

“பசியாறிட்டியா?” என்றார். பேச்சு கொஞ்சம் குழறியது. பிறகு, ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்த்துக்கொண்ட தாதிக்குத் தன் கையாலேயே நன்றிக் கடிதம் எழுதி அனுப்பியதாகச் சொன்னார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அந்த ஆஸ்பத்திரி நம்ம எல்லாரோட வரியிலதான் ஓடுது பாஸ். கட்டாயமா வாங்குன வரி.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லத் தலையசைத்தார். “தெரியும்மா. அதைத்தான் மாசக்கணக்கா யோசிச்சிக்கிட்டு இருக்கேன். கட்டாயம் தப்புதான். ஆனா அந்தத் தாதி தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணா எங்க வெக்கிறதுன்னு தெரியல.”

எழுபது தாண்டிய வயதில், ஒரு கை தூக்க முடியாமல், வாழ்நாள் முழுதும் பிடித்து நின்ற ஒன்றை மறுபடியும் எடுத்து முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். பென்சில் கோடு போட்ட ஒரு பக்கத்தைத் தேடிப் படித்துக் காட்டினார். நான் மறுத்துப் பேசினேன். அவர் அதற்கு மறுத்துப் பேசினார். தேநீர் வந்தது, ஆறியது, இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் கட்டாயத்தையும் தாதியையும் ஒன்றாக எங்கே வைப்பது என்ற அவருடைய கேள்விக்கு எனக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. சாவியைத் திரும்பப் பையில் போட்டேன். பிறகு இறங்கிப் போய் மறுபடியும் கதவைத் தட்டினேன்.