கேதத்துக்குப் போன ஷூ

எங்கள் பக்கத்தில் ஒரு மாதம் விடாமல் ஒரு காரியம் செய்யப்போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் காலண்டரைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். கல்யாணம், சீர், காதுகுத்து, கெடாவெட்டு, நோம்பி என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். ஒறம்பரை, சொந்தபந்தம் கூப்பிட்டுப் போகாவிட்டால் நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். அந்தப் பயத்திலேயே யோகாவை விட்டேன், தையல் வகுப்பை விட்டேன், கார் பழகுவதைப் பாதியில் விட்டேன். எனக்கென்று தொடங்கியதில் ஒன்றைக்கூட முடித்தது கிடையாது.

அதனால்தான் எங்கள் அபார்ட்மெண்ட் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சவால் வந்தபோது முதலில் கை தூக்கினேன். ஒரு மாதம், தினமும் முக்கால் மணி நேரம் வேகநடை. ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

கணவர் சிரித்தார். "காந்திபுரத்துல பக்கத்துக் கடைக்கே ஆட்டோ கேக்கறவ நீயி!"

கேட்டேன்தான். இருந்தாலும் நடந்தேன். முகூர்த்த நாளில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலையில், ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கிணத்துக்கடவில் கணவரின் பெரியம்மா தவறிவிட்டார். எனக்கும் பிரியமானவர். யாரைப் பார்த்தாலும் "வவுத்துக்கு என்ன போட்ட கண்ணு?" என்று கேட்ட பிறகுதான் அடுத்த பேச்சு.

"இன்னைக்கு ஒரு நாள் உட்டுப்போடு புள்ள. பங்காளி ஊட்டுக் கேதம். பாக்கறவங்க என்ன பேசுவாங்க?" என்றார் கணவர்.

"யாரும் பாக்காத எடத்துல நடந்துக்கறேனுங்க."

ஷூவை மஞ்சப்பையில் போட்டுக் கார் டிக்கியில் வைத்தேன். வழியில் வாங்கிய மாலையையும் பூக்கடைக்காரர் மஞ்சப்பையில்தான் போட்டுக் கொடுத்தார். அங்கே போய், பெரியம்மாவின் காலடியில் நின்று கணவர் பைக்குள் கைவிட்டு எடுத்தது என் ரோஸ் கலர் ஷூ.

அழுகை ஒரு நொடி நின்றுவிட்டது.

"ஏனுங் நங்கையா, பெரியம்மாளுக்குக் கொண்டாந்தது இதுதானுங்களா?" என்று என்னைக் கேட்டாள் கணவரின் தங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஷூவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காருக்கு ஓடி மாலையை எடுத்துவந்து போட்டேன். பிறகு அந்த முகத்தைப் பார்த்து நிஜமாகவே அழுதேன்.

மதியம் ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். பெண்கள் போகும் வழக்கம் இல்லை. வீட்டைக் கழுவிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் ராத்திரிவரை அங்கேதான். எப்போது நடந்தாலும் இத்தனை கண்கள் முன்னால்தான் நடந்தாக வேண்டும். ஷூதான் ஏற்கெனவே சபைக்கு வந்துவிட்டதே, இனி எதற்கு ஒளிக்க வேண்டும்? மற்றவர்களோடு சேர்ந்து வீட்டைக் கழுவி முடித்தேன். வாசலிலேயே உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். தென்னந்தோப்பு வண்டித்தடத்தில் இறங்கினேன்.

"கேதத்துக்கு வந்த ஊட்டுல வாக்கிங் போறவள இப்பத்தான் பாக்கறேன்."

"பாவம், சக்கரை இருக்குதோ என்னமோ!"

"சக்கரையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க!" என்று மரங்களுக்கு நடுவிலிருந்து கத்தினேன்.

கணவரின் தங்கை தோப்புக்குள் ஓடிவந்தாள். "சக்கரைன்னே சொல்லிப்போடுங்க நங்கையா. டாக்டர் சொன்னாருன்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரிதான். நோவு வந்தவள் நடக்கலாம். நன்றாக இருப்பவள், தனக்காக நடந்தால்தான் குற்றம். அப்படியொரு அனுமதிச்சீட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு ஒரு நோவும் இல்ல அம்மணி. ஒரு மாசம் முடிக்கோணும், அவ்வளவுதான்."

"அதுக்குன்னு இன்னைக்கா?"

"இன்னைக்குந்தான்."

தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆண்கள் திரும்பி வந்தபோதும் நான் தடத்தில்தான் இருந்தேன். கணவர் ஈரத்துண்டோடு நின்று பார்த்தார். முகம் கடுத்துக் கிடந்தது.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

கொஞ்சத்தையும் முடித்துவிட்டுத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ராத்திரிதான் வீடு திரும்பினோம்.

மறுநாள் காலையில் கணவரின் தங்கையிடமிருந்து போன். "உங்களுக்கு நெம்பச் சக்கரைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேனுங்க நங்கையா. அத்தையொருத்தங்க உங்களுக்குன்னு வெந்தயங்கூடக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதென்ன, உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"நடந்துட்டு இருக்கறேன் அம்மணி. வெந்தயத்தத் திருப்பிக் குடுத்துரு. எத்தன ஊட்டுல சக்கரைன்னு சொன்னியோ, அத்தன ஊட்டுலயும் போய் இல்லைன்னு சொல்லு."