வண்டலில் நட்ட கள்ளிச்செடி

தோட்டக்கலை படித்துவிட்டு, மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கள்ளிச்செடி வளர்த்து விதை விற்கிறேன். இனம் மாறாத விதை எடுப்பது எப்படி என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பார்கள். இந்த ஒரு செடியை வைத்துத்தான் விளக்குவேன்.

1. வாளி

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் மடியில் வாளியோடு பஸ்ஸில் வந்தார். பெயர் சேவியர், தையற்காரர். வாளிக்குள் ஆஸ்டீரியஸ். முள் இல்லாமல், வெள்ளைப் புள்ளிகளோடு உருண்டையாக இருக்கும் கள்ளி. உச்சியில் ஒரு மொட்டு.

அவருடைய ஒரே மகள் குவைத்தில் நர்ஸாக இருந்தவள். லீவில் வந்தபோது இதை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த முறை அவளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

"இதையாவது நல்லா பாத்துக்கணும்னு வாய்க்கால் வண்டல் கொண்டாந்து, எரு கலந்து மாத்தி வெச்சேம்மா. தெனம் தண்ணி ஊத்துனேன். நம்ம மண்ணுல எது வராம போயிருக்கு?"

அடிப்பக்கம் கொழகொழவென்று இருந்தது. வெட்டிப் பார்த்தேன். அழுகல் நடுத்தண்டுவரை ஏறியிருந்தது. ஒட்டுக் கட்டினாலும் பிழைக்காது என்று சொன்னேன். அப்படியென்றால் விதையாவது எடுத்துக் கொடுங்கள், அவள் செடி இல்லாமல் போகக்கூடாது என்றார்.

2. சேர்க்கை

ஆஸ்டீரியஸ் தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. அதே இனத்தில் இன்னொரு செடி வேண்டும். வேறு இன மகரந்தம் விழுந்தால் கலப்பு விதையாகிவிடும். செய்தது இவ்வளவுதான்:

- முடிந்தவரை அழுகலை வெட்டி, கந்தகத்தூள் தடவி, காய்ந்த மணல்மேல் வைத்தேன்.
- தேனீ வராதபடி, விரியும் முன்பே மொட்டை நெட் பையால் மூடினேன்.
- என்னிடமிருந்த ஆஸ்டீரியஸையும் அதேபோல் மூடி, இரண்டும் விரிந்ததும் பிரஷ்ஷால் மகரந்தம் மாற்றினேன்.
- மறுபடி மூடி, தாய் எது, தந்தை எது என்று லேபிள் கட்டினேன்.

மகரந்தம் மாற்றியபோது சேவியர் ஐயா பக்கத்தில் நின்றார். பூவைவிட என் பையைத்தான் அதிகம் பார்த்தார்.

"இதத் தச்சது யாரு, நீங்களா? ஓரமெல்லாம் பிரியுதே."

அடுத்த முறை வந்தபோது விரல் நீளத்தில் சுருக்குப் பைகள் தைத்துக்கொண்டு வந்தார். மெல்லிய வெள்ளை நெட். கல்யாண முக்காட்டுக்கு வாங்கி வைத்த துணி என்றார். யாருடைய கல்யாணத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

3. நாற்று

காய் முற்ற முற்ற, செடி சுருங்கிக்கொண்டே வந்தது. காய் வெடித்தபோது செடியில் தோல் மட்டும்தான் மிச்சம். விதை நன்றாக முளைத்தது. நாற்று பட்டாணி அளவு வந்ததும் ஐயாவை வரச் சொன்னேன். தட்டின் முன்னால் குந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல எம்பொண்ணு செடி எதும்மா?"

"எல்லாத்துலயும் பாதி இருக்குங்கய்யா. முழுசா எதுலயும் இல்ல."

தட்டிலிருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "வண்டல்ல வெச்சதாலதான போச்சு?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"அவ இருந்தா நல்லா திட்டியிருப்பா."

அவருக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த தொட்டிகளைக் கொடுத்தேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. எனக்குத் தண்ணி ஊத்தாம இருக்க வராது."

முன்பெல்லாம் விதைப் பாக்கெட்டில் 'தாய்ச்செடி போலவே வரும்' என்று எழுதுவேன். இப்போது 'இனம் மாறாது' என்று மட்டும் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நேர்ந்தபோதுதான் வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தது.

அந்த நாற்றுகள் மாடியில் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றன. இன்னும் பூக்கும் வயது வரவில்லை. அவர் தைத்த பைகளில் கொஞ்சத்தை அவற்றுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.