ஒதிலியா உட்கார்ந்து பார்த்த விளக்கு

எங்கள் சான்டா ரீத்தா ஊரில் ஒரு பெயர்ப்பலகையோ விளக்கோ மரமோ தெருவுக்கு வர வேண்டுமானால், அதற்கு முன்னால் நாற்காலிகள் வரும். வைக்கப்போகும் பொருளை, அல்லது அதே அளவில் அட்டையில் வெட்டிய மாதிரியை, வைக்கப்போகும் இடத்திலேயே ஒரு சாயங்காலம் கட்டிவிடுவார்கள். ஊர்த்தோற்றக் குழுவினர் ஐந்து பேரும் எதிர்ச் சாரியில் ஆடுநாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். வெயில் இருக்கும்போது ஒரு பார்வை, விளக்கு வைத்தபின் ஒரு பார்வை. இருட்டிய பிறகுதான் யாரும் வாயைத் திறக்கலாம். ஆற்றங்கரைச் சூட்டில் எப்படியும் எல்லோரும் சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்கள்தான். அதனால் குழுவோடு சேர்ந்து தெருவே உட்கார்ந்து பார்க்கும்.

என் மனைவி ஒதிலியா அந்தக் குழுவுக்குள் வந்தது அவளுடைய பலகையை அவளே தோற்கடித்ததால்.

எங்கள் வீட்டு முன் ஜன்னலில் அவள் சீஸ் விற்றாள். நாடாவைப் போல் இழுத்து மடிப்பு மடிப்பாகச் சுற்றி வைப்பாளே, அந்த அடுக்குச் சீஸ். வியாபாரம் சூடு பிடித்த வருடம் ஒரு தகரப் பலகை செய்து வாங்கினாள். சிவப்பு எழுத்து, சுற்றிலும் குட்டி பல்புகள். குழு வந்து எதிரே உட்கார்ந்தது. இவளும் ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய் அவர்கள் வரிசையிலேயே போட்டுக்கொண்டாள். இருட்டியது. பல்புகள் எரிந்தன. மற்றவர்கள் தொண்டையைக் கனைப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"எடுத்துடுங்க. பக்கத்து வீட்டு மல்லிகைப் பந்தலு ரத்தம் சொட்டுற மாதிரி இருக்கு. என் சீஸ் வெள்ளை. அதுக்கு ஜன்னல்ல ஒரு விளக்கு போதும்."

அடுத்த தேர்தலில் தெருக்காரர்களின் பிரதிநிதியாக அவளைத்தான் அனுப்பினார்கள். கடைசிவரை அவள்தான்.

அவளிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர் நிகனோர். சதுக்கத்து ஓட்டலின் சொந்தக்காரர், குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதி. ஓட்டல் வாசலில் நான்கு பெரிய பனைமரங்களை நட ஆசைப்பட்டார். மரத்தை அட்டையில் வெட்ட முடியாதே. ஒதிலியா நான்கு படகுக்காரர்களைக் கூட்டிவந்து, நீண்ட மூங்கில் கழிகளின் நுனியில் வாழையிலைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். கோயில் கடிகாரம் முழுசாக மறைந்துபோனது.

"நிகனோர், இனிமே மணி பாக்கணும்னா உன் ஓட்டலுக்குள்ள வந்து காப்பி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் பாக்கணுமா?"

தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். பனைமரம் வரவில்லை.

ஆனால் அவள் எதையும் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்றதில்லை. "உக்காந்து பாக்காம யாரும் இல்லைன்னு சொல்லக் கூடாது" என்பது அவள் வைத்திருந்த ஒரே சட்டம். அதுவே ஒரு வருடம் அவள் கழுத்துக்கு வந்தது.

அதைச் சொல்லுமுன் எங்கள் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உபால்தோ பதினேழு வயதில் காய்ச்சலில் போனான். கல்லறைத் தோட்டத்தில், தூங்குமூஞ்சி மரத்திலிருந்து மூன்றாவது கல்லறை அவனுடையது.

புனித வாரத்துப் புதன்கிழமை மாலை ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். இறந்தவர்களுக்குப் பாட்டுக் கச்சேரி. வாத்தியக்காரர்கள் ஒவ்வொரு கல்லறையாக நின்று வாசிப்பார்கள். வீட்டுக்காரர்கள் மெழுகுவத்திகளை ஏற்றி, போனவர்களிடம் அந்த வருடத்து நல்லது கெட்டதைச் சொல்வார்கள். மின்விளக்கு கிடையாது. தோட்டம் முழுக்க மெழுகுவத்திகள்தான். எத்தனை முறை பார்த்தாலும் வாசலில் ஒரு நிமிடம் கால் தானாக நின்றுவிடும். வானம் தரையில் இறங்கிப் படுத்திருப்பதுபோல இருக்கும்.

உபால்தோ போன அடுத்த வருடம் நாங்கள் போனபோது அவன் கல்லறையில் ஏற்கெனவே வத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு வயதான அம்மாள் கல்லைத் தட்டித் தட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ரம்மு ரம்முன்னு குடிச்சே போய்ச் சேந்தியே, மனுஷா. கூரை ஒழுகுது. உன் தம்பி ஓடத்தை வித்துத் தின்னுட்டான். நீ இங்க சொகமாப் படுத்திருக்க."

நான் வாயெடுத்தேன். ஒதிலியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க. அவன் சிரிச்சுக்கிட்டு இருப்பான்."

ஒதிலியா மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, அந்த அம்மாள் பெட்ரோனா. ஆற்றில் கீழே ஒரு சிற்றூர். கணவர் கஸ்தூலோ ஓடக்காரர். அவர் இங்கே எங்கள் ஊரில் திடீரென்று இறந்தபோது இவள் கால் முறிந்து படுக்கையில் இருந்தாள். இவள் இல்லாமலே அடக்கம் நடந்தது. "தூங்குமூஞ்சி மரத்திலேர்ந்து மூணாவது" என்று யாரோ அடையாளம் சொல்லி அனுப்பினார்கள். சொன்னபோது தோட்டத்தில் இரண்டு தூங்குமூஞ்சிகள் நின்றன. அவள் நடக்க ஆரம்பித்து வருவதற்குள் ஒன்று புயலில் விழுந்துவிட்டது. நிற்கிற மரத்திலிருந்து எண்ணி எங்கள் பையனிடம் வந்து சேர்ந்திருந்தாள். தவக்காலத்தில் கல்லறைகளுக்கு அடிக்கும் சுண்ணாம்பு எழுத்துகளில் இறங்கிவிடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் யாரும் பெயரைப் படிப்பதில்லை. கால் அறிந்த இடத்தில் நிற்பார்கள். அவள் எப்போதும் இருட்டும்போது படகில் வந்து இருட்டிலேயே திரும்புகிறவள்.

அன்று அவள் கல்லை முத்தமிட்டுவிட்டுப் போனபின் ஒதிலியா என்னை விழுந்த மரத்தின் பக்கம் அழைத்துப் போனாள். கஸ்தூலோவின் கல்லறையில் ஒரு வத்திகூட இல்லை. எங்கள் பையனுக்கென்று கொண்டுவந்ததில் பாதியை அங்கே ஏற்றினாள்.

"சொல்லிடலாமே" என்றேன்.

"இப்பவா? முத்தம் குடுத்துட்டுப் போறா, பாத்தீங்கல்ல. நம்ம பையனுக்கு ஒரு திட்டு ஜாஸ்தி கெடைக்கட்டும். இந்த மனுஷனுக்கு நாம இருக்கோம்."

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்தப் புதன்கிழமை அப்படியே நடந்தது. பெட்ரோனா எங்கள் பையனிடம் குடியைப் பற்றியும் கூரையைப் பற்றியும் சண்டை போடுவாள். நாங்கள் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள்போலக் காத்திருப்போம். அவள் போனபின் அவனோடு கொஞ்ச நேரம், பிறகு கஸ்தூலோவிடம் கொஞ்ச நேரம். பெட்ரோனாவும் ஒதிலியாவும் சிநேகிதிகளாகவே ஆகிவிட்டார்கள்.

பிறகுதான் நிகனோரின் விண்ணப்பம் குழுவுக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்து நடுவில் உயரமான கம்பம், அதன் தலையில் வெள்ளை விளக்குகள். கேலி செய்யும்படியான காரணமும் இல்லை. முந்தைய வருடம் அவருடைய ஓட்டலில் தங்கிய பெரியவர் ஒருவர் உடைந்த பாதையில் தடுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவை நீ என்னைக் கிண்டல் பண்ண முடியாது, ஒதிலியா" என்றார் நிகனோர்.

"பண்ணல. நீ சொல்றது நியாயம்."

குழுவின் கட்டடக் கலைஞர் யெசேனியா, வயதில் சின்னவள், கம்பமே ஆகாது என்றாள். எங்கள் பக்கத்தில் பெரிய பெண்களை மரியாதையாகச் சேன்யோ என்றுதான் கூப்பிடுவோம். "சேன்யோ, இதுக்குச் சோதனையே வேண்டாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இப்பவே தள்ளிடலாம்."

ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எங்கள் பையனின் பெயர் சுண்ணாம்புக்குள்ளேயே இருந்திருக்கும். ஒதிலியா வெகுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக யெசேனியா பிற்பாடு என்னிடம் சொன்னாள். கடைசியில், "உக்காந்து பாக்காம எப்படி?" என்றாளாம்.

புனித வாரத்துப் புதன்கிழமைக்கு வைத்த சோதனையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற முயன்றாள். ஜெனரேட்டர் வரும் படகு புதன்கிழமைதான் வந்து சேரும் என்றார்கள். அன்று பொழுது சாயும்போது சீஸ் உருண்டை ஒன்றை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு படகுத் துறைக்குப் போனாள். பெட்ரோனாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடப் போவதாக என்னிடம் சொன்னாள். திரும்பும்போது இருவரும் கைகோத்து வந்தார்கள். பெட்ரோனாவின் கையில் சீஸ் இருந்தது. ஒதிலியாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"படகிலேர்ந்து இறங்கும்போதே சொல்றா, இந்த வருஷம் கூரை போட்டாச்சாம். அதை அந்த மனுஷன்கிட்டச் சொல்லணும்னு மாசக் கணக்காக் காத்திருந்தாளாம். எப்படிச் சொல்ல?"

கல்லறைத் தோட்டத்துக்கு எதிர்ச் சாரி ஏது? குழுவின் ஐந்து நாற்காலிகளையும் உள்ளே கொண்டுவந்து கல்லறைகளுக்கு நடுவே போட்டார்கள். ஒதிலியா தன் நாற்காலியை எங்கள் பையன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். வெயில் இறங்கியது. வத்திகள் ஒவ்வொன்றாக எரிய, தோட்டம் மெல்ல மெல்லக் கண் திறந்தது. பெட்ரோனா கல்லில் கை வைத்துக் கூரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். தகரம் எங்கே வாங்கினாள், எந்த மருமகன் உதவினான் எல்லாம்.

நிகனோர் கையை உயர்த்தினார். விளக்கு எரிந்தது.

மெழுகுவத்திகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தெரியவில்லை. வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். மேலிருந்து சரிந்த வெளிச்சத்தில் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பள்ள எழுத்துகள் நிழலோடு மேலே வந்தன.

பெட்ரோனா எழுத்துக் கூட்டிப் படிப்பவள். விரலை வைத்துக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.

"உபால்தோ. யாரு இது?"

"என் மகன்" என்றாள் ஒதிலியா.

பெட்ரோனா கையை எடுத்துக்கொண்டாள். "என்ன வயசு?"

"பதினேழு."

"பதினேழு வயசுப் புள்ளைகிட்டயா நான் ரம்மைப் பத்தித் திட்டிக்கிட்டு இருந்தேன்?"

"நான் திட்ட மறந்ததை நீங்க திட்டுனீங்க, சேன்யோ."

சுற்றி இருந்தவர்கள் பார்ப்பது பெட்ரோனாவுக்குத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஒதுங்க ஒரு நிழல் இல்லை. "அப்ப என் மனுஷன்? இத்தனை வருஷமா இருட்டுலயா கெடந்தான்?"

ஒதிலியா எழுந்து அவள் கையைப் பிடித்து, விழுந்த மரத்தின் பக்கம் அழைத்துப் போனாள். நான் பின்னால் போனேன்.

நானும் அன்றுதான் அதை முழுசாகப் பார்த்தேன். கஸ்தூலோவின் கால்மாட்டில் மெழுகு வழிந்து வழிந்து ஒரு திட்டாக எழும்பியிருந்தது. வருடா வருடம் சுண்ணாம்பு அடிப்பவர் மெழுகைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருந்தார். ஒரு மழையில் திட்டின் ஓரம் உடைந்து விழுந்திருந்தது. உடைந்த இடத்தில் மஞ்சள் மெழுகு, வெள்ளைச் சுண்ணாம்பு, மறுபடி மெழுகு, மறுபடி சுண்ணாம்பு. எங்கள் ஜன்னலில் வைத்து விற்கும் சீஸ் மாதிரியே, மடிப்பின் மேல் மடிப்பு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது வெறும் மேடாகத்தான் தெரியும். கம்பத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு வருடமும் தனித்தனியாகத் தெரிந்தது.

பெட்ரோனா குனிந்து, உடைந்த ஓரத்தைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலே தடவினாள். யார் ஏற்றியது என்று அவள் கேட்கவில்லை. ஒதிலியாவும் சொல்லவில்லை. என்னோடு ஒரே வீட்டில் உப்புக்கும் மோருக்கும் சண்டை போடுகிறவள் அங்கே நிற்கிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்ரோனா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, அதைக் கொஞ்சம் அணைங்க. கூரை விஷயம் முதல்லேர்ந்து சொல்லணும். என் மனுஷன் வெக்கக்காரன். இந்த வெளிச்சத்துல காது குடுக்க மாட்டான்."

நிகனோர் தானே ஓடிப்போய் அணைத்தார்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. முழு இருட்டு. பிறகு ஒரு வத்தி. அதற்கப்பால் ஒன்று. பிறகு மதில்வரை, வரிசை வரிசையாக, அவை எல்லாம் எங்கேயும் போகாமல் அங்கேயேதான் இருந்தன. அத்தனை ஜனமும் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு கிளாரினெட் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அடுத்த கூட்டத்தில் கம்பம் தள்ளுபடியானது. நிகனோரும் கையைத் தூக்கினார். உடைந்த பாதையைச் சரிசெய்து, இரு ஓரமும் கணுக்கால் உயரத்தில் மூடி போட்ட சிறு விளக்குகள் வைப்பது என்று ஒதிலியா சொன்னாள், யெசேனியா வரைந்தாள். நடக்கிறவரின் காலுக்கு மட்டும் வெளிச்சம். அதற்கும் ஒரு சாயங்காலம் நாற்காலி போட்டார்கள். "என் கம்பத்தை நறுக்கி நட்டுட்டீங்க" என்றார் நிகனோர். ஒதிலியா, "விழுந்த பெரியவரைக் கூட்டிட்டு வா. அவர் நடந்து பாக்கட்டும்" என்றாள். அடுத்த வருடம் அவர் கோலூன்றி வந்து நடந்தார்.

ஒதிலியா கடந்த மழைக்காலத்தில் போய்விட்டாள். உபால்தோவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

இன்று புனித வாரத்துப் புதன்கிழமை. பெட்ரோனா வந்திருந்தாள். முதலில் கஸ்தூலோவிடம் போய், தம்பி ஓடத்தைத் திருப்பித் தந்ததைச் சொன்னாள். பிறகு எங்கள் பையனிடம் வந்து, "பழக்கம் விட மாட்டேங்குதுடா" என்று அவனையும் இரண்டு திட்டு திட்டினாள். அப்புறம் ஒதிலியாவின் புதுக் கல்லறை முன்னால் வந்து வத்தியை ஏற்றிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ப்ரோஃபெ, இவளை என்னன்னு திட்ட? ஒண்ணும் தோண மாட்டேங்குது."

நான் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் இந்தப் பக்கம் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாதை விளக்கின் வெளிச்சத்தில் அவள் காலும் என் காலும் மட்டும் தெரிந்தன.

"உக்காந்து பாக்கலாம்" என்றேன்.

தோட்டத்துக்கு வெளியே ஒரு வீட்டு வாசலிலிருந்து இரண்டு ஆடுநாற்காலிகளைத் தூக்கி வந்தேன். போட்டு உட்கார்ந்தோம். அவள் ஆட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் நானும். வத்தி பாதி இறங்கும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.